மென்பொருட் பொதிகளை அவிழ்த்தலில் நேரும் இடர்கள்

பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைப் பெயர்த்தெழுதும் ஒருவன் செய்யுட்களைச் சொற்பிழையின்றி எழுதி முடிக்கின்றான். ஆயின், ஏடுகளின் ஓரத்தே பொறிக்கப்பட்டிருந்த எண்களை எழுதாது விட்டான். இன்ன செய்யுளுக்கு இன்ன உரை என்று காட்டிய குறிகளையும் பயனற்றன எனக் கருதித் தள்ளினான். செய்யுட்களில் ஒரு சொல்லையேனும் அவன் இழந்தானல்லன். எனினும் நூல் நூலாக நில்லாது சிதைந்தது. “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்னும் பழமொழி இத்தகைய கேட்டினை நோக்கி எழுந்தது போலும்.

கணினித்துறையிலே இதனையொத்த கேடு நாடோறும் நிகழ்கின்றது. மென்பொருளை ஆக்குவோர் அதற்குரிய நூற்றுக்கணக்கான, சிலபொழுது பல்லாயிரக்கணக்கான, கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி இணையத்தில் வைக்கின்றனர். அதனைப் பெறுவோருட் பலர் சாளரமும் படவுருக்களும் கொண்ட அவிழ்ப்புக் கருவி ஒன்றினால், சுட்டியை இருமுறை அழுத்தி, அதனை அவிழ்க்கின்றனர். கோப்புகள் யாவும் கோப்புறையிலே வந்து நிற்கின்றன, குறையொன்றும் தோன்றுவதில்லை. ஆயின், மென்பொருளை இயக்கப் புகும்போது, “அனுமதி இல்லை” என்றோ, கண்முன்னே கிடக்கும் கோப்பைக் குறித்தே “அப்படியொரு கோப்பு இல்லை” என்றோ கணினி விடை பகர்கின்றது. கற்கும் மாணவன் மென்பொருள் பழுதுடையது என எண்ணுகின்றான். அன்றேல் தன் அறிவு போதாதென எண்ணி அம்முயற்சியையே கைவிடுகின்றான். பழுது இவ்விரண்டிடத்தும் இல்லை. அவிழ்த்த முறையிலேயே உள்ளது. அம்முறையால் விளையும் இடர்கள் யாவை, அவை எக்காரணத்தால் விளைகின்றன, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

பொதியின் இயல்பு

பொதி ஆக்குதலில் இருவேறு தொழில்கள் அடங்கியுள்ளன. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுதல் ஒன்று. கட்டியதன் பருமனைச் சுருக்குதல் மற்றொன்று. யுனிக்ஸ் மரபிலே இவை தனித்தனியே செய்யப்படுகின்றன. கட்டும் தொழிலுக்குரிய ‘டார்’ என்னும் கருவி 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே இடம்பெற்றது. காந்த நாடாவிலே கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்தற்பொருட்டு அது தோன்றியமையின், அதன் பெயரும் நாடாக் காப்பகம் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாயிற்று. ஒவ்வொரு கோப்பின் முன்னும் 512 பைற்று அளவினதாகிய தலைப்பு ஒன்றினை டார் எழுதுகின்றது. கோப்பின் பெயர், அளவு, இறுதியாக மாற்றப்பட்ட நேரம், உரிமையாளரின் எண், யார் யார் அதனைப் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்னும் அனுமதிக் குறி, அது மற்றொரு கோப்பைச் சுட்டும் இணைப்பாயின் அதன் இலக்கு ஆகியன அத்தலைப்பில் உள்ளன. டார் கட்டுமேயன்றிச் சுருக்காது. சுருக்கும் தொழிலை 1992இல் ஜான்-லூ கெய்லி, மார்க் அட்லர் என்போர் வெளியிட்ட ஜீசிப் போன்ற வேறு கருவிகள் செய்கின்றன.

‘சிப்’ என்னும் பொதிவகையோ பில் காட்ஸ் என்பவரால் 1989இல் டாஸ் பணிசெயல் முறைமைக்கென ஆக்கப்பட்டது. கட்டுதலும் சுருக்குதலும் அதனிடத்து ஒருங்கே நிகழ்வன. டாஸில் அனுமதிக் குறிகளும் இணைப்புகளும் இல்லாமையின், அவற்றுக்கான இடம் பின்னரே அதனுட் சேர்க்கப்பட்டது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், பொதியினுள்ளே கோப்பின் உள்ளடக்கம் மட்டுமன்றி, அக்கோப்பைப் பற்றிய செய்திகளும் உள்ளன என்பதாம். வரைவியல் அவிழ்ப்புக் கருவி தன் சாளரத்திலே பெரும்பாலும் பெயர், அளவு, நாள் ஆகிய மூன்றனையே காட்டுகின்றது. காட்டாதவற்றுள் ஒன்று அவிழ்க்கும்போது இழக்கப்படின், இழந்தமை காண்போனுக்குத் தெரிவதில்லை. இடர்கள் யாவற்றுக்கும் வேர் இதுவே.

வரிமுடிவின் மாற்றம்

தட்டச்சுப் பொறியிலே ஒரு வரி முடிந்ததும் இருவேறு செயல்கள் நிகழ்தல் வேண்டும். தாளேந்தி தொடக்கத்திற்கு மீளுதல் ஒன்று. தாள் ஒரு வரி மேலே நகர்தல் மற்றொன்று. கணினி எழுத்துக் குறியீட்டிலே முன்னையதற்கு 13 என்னும் எண்ணும், பின்னையதற்கு 10 என்னும் எண்ணும் உரியன. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் வரிமுடிவில் 13, 10 என்னும் இரண்டனையும் இடுகின்றன. யுனிக்ஸும் லினக்ஸும் 10 ஒன்றனையே இடுகின்றன.

விண்டோஸில் பெருவழக்கிலிருந்த வின்சிப் என்னும் கருவி, டார் பொதியை அவிழ்க்கும்போது எழுத்துக் கோப்பு எனத் தான் கருதியவற்றின் வரிமுடிவை மாற்றித் தருவதாகிய ஒரு வசதியைக் கொண்டிருந்தது. படிப்போனுக்கு உதவுதலே அதன் நோக்கம். ஆயின், எது எழுத்துக் கோப்பு என்பதனைக் கருவி ஊகித்தே அறிதல் வேண்டும். ஊகம் பிழைத்தவழி, படமோ இயங்கு நிரலோ ஆகிய ஒரு கோப்பிலே 10 வருமிடந்தோறும் 13 புகுத்தப்பட்டு அது பாழாகும். ஊகம் பிழையாதவிடத்தும் கேடு நீங்குவதில்லை. ஆயிரம் வரி கொண்ட கோப்பு ஆயிரம் பைற்று மிகுந்துவிடுதலின், ஆக்கியோர் தந்த சரிபார்ப்பு எண்ணோடு அது பொருந்தாது. இதுபற்றியே, அவ்வசதியை நீக்கிய பின்னரே பொதியை அவிழ்க்குமாறு பல மென்பொருள்களின் நிறுவற் குறிப்புகள் அறிவுறுத்தின.

இம்மாற்றத்தால் விளையும் குழப்பத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. யுனிக்ஸ் முறைமைகளில் கட்டளைநிரல் ஒன்றின் முதல் வரி, அந்நிரலைப் படித்து இயக்கவேண்டிய மற்றொரு நிரலின் பெயரைத் தாங்கியிருக்கும். விண்டோஸிலே அவிழ்த்து வரிமுடிவு மாறிய கோப்பை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுசென்று இயக்கினால், அம்முதல் வரியின் ஈற்றிலே 13 என்னும் குறி கண்ணுக்குப் புலப்படாது ஒட்டிக்கொண்டிருக்கும். முறைமை அதனையும் பெயரின் பகுதியாகவே கொண்டு, அத்தகைய பெயருடைய நிரலைத் தேடி, “இல்லை” என விடை தரும். இல்லையெனப்பட்டது எது என்பதை அறியாத மாணவன், தான் இயக்கிய கோப்பே இல்லையெனப்பட்டதாகக் கருதி மயங்குகின்றான்.

இக்கேடு எத்துணைப் பரவலாக இருந்தது என்பதற்கு, 1996இல் வரையறுக்கப்பட்ட பிஎன்ஜி என்னும் பட வடிவமே சான்று பகரும். அவ்வடிவத்தில் அமைந்த ஒவ்வொரு படக் கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டு எண்களோடு தொடங்குகின்றது. 13, 10 என்னும் இணையும், ஈற்றிலே தனித்து நிற்கும் 10 என்பதும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. வழியிலே எவரேனும் வரிமுடிவை எத்திசையில் மாற்றினும் இவற்றுள் ஒன்று மாறிவிடும். படத்தைத் திறக்கும் நிரல் கேட்டினை உடனே அறிந்துகொள்ளும்.

அனுமதியும் இணைப்பும்

லினக்ஸ் முதலிய முறைமைகளில் ஒரு கோப்பு இயக்கத்தகுவதா என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை; அனுமதிக் குறியே தீர்மானிக்கின்றது. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவர்க்கும் படித்தல், எழுதல், இயக்கல் என்னும் மூன்று உரிமைகள் வீதம் ஒன்பது குறிகள் உள. விண்டோஸில் இயங்கு நிரல் பெயரின் ஈற்றடையால் அறியப்படுதலின், இவ்வொன்பது குறிகளையும் அவ்வாறே ஏற்று வைத்தற்கு அங்கே இடமில்லை. கைப்பேழைகளிலும் செருகு நினைவகங்களிலும் பெரும்பாலும் காணப்படும் ஃபாட் வகைக் கோப்பு முறைமைகளும் இத்தன்மையனவே. ஆகவே, செருகு நினைவகத்திலே அவிழ்த்த மென்பொருளை லினக்ஸ் கணினிக்கு மாற்றும்பொழுது, எது இயக்கத்தக்கது என்னும் செய்தி அழிந்துபோயிருக்கும். “அனுமதி இல்லை” என்னும் விடைக்குக் காரணம் இதுவாம்.

இணைப்புகளின் நிலையும் இன்னதே. லினக்ஸில் நிரலகம் ஒன்று மூன்று பெயர்களோடு காணப்படுதல் வழக்கம். முழுப் பதிப்பெண்ணோடு கூடிய பெயரே உண்மைக் கோப்பு. ஏனைய இரண்டும் அதனைச் சுட்டும் இணைப்புகள். விண்டோஸில் இத்தகைய இணைப்புகளை ஆக்கும் உரிமை சாதாரண பயனருக்கு இயல்பாக வழங்கப்படுவதில்லை. அதனால், அவிழ்ப்புக் கருவிகளுட் சில இணைப்பை விட்டுவிடுகின்றன. சில உண்மைக் கோப்பைப் படியெடுத்து வைக்கின்றன. சில இலக்கின் பெயரை உள்ளடக்கமாகக் கொண்ட ஒரு சிறு எழுத்துக் கோப்பை எழுதிவைக்கின்றன. இம்மூன்றாம் வகையே மிகவும் மயக்கந் தருவது. கோப்பு உரிய இடத்தில் உரிய பெயரோடு கிடக்கும். ஆயின் நிரலகத்திற்குப் பதிலாக அதனுள் ஒரு சொற்றொடரே இருக்கும். மாக் கணினிகளிலும் செயலிகள் பல இணைப்புகளைத் தம்முட் கொண்ட கோப்புறைகளாகவே அமைகின்றன. அவ்விணைப்புகள் சிதையின், ஆக்கியோர் இட்ட மின்னொப்பம் பொருந்தாது போகும்.

பெயரில் நேரும் கேடுகள்

தமிழெழுத்திற் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேறுபாடு இல்லை, ஆங்கிலத்திலே உண்டு. லினக்ஸ் இவ்விரண்டனையும் வெவ்வேறெழுத்தாகவே கொள்ளும். விண்டோஸ் இயல்பாக ஒன்றெனவே கொள்ளும். லினக்ஸ் கருவத்தின் மூலக் குறிமுறையிலே, வலையமைப்பு வடிகட்டிக்குரிய பகுதியில், ‘டிஎஸ்சிபி’ என்னும் எழுத்துகளைப் பேரெழுத்திற் கொண்ட கோப்பொன்றும் சிற்றெழுத்திற் கொண்ட கோப்பொன்றும் பல்லாண்டுகளாக அருகருகே இடம்பெற்று வந்துள்ளன. முன்னையது வலைப்பொதியின் ஒரு குறியை மாற்றுவது. பின்னையது அக்குறியைச் சோதிப்பது. தொழிலால் இவை வேறானவை. விண்டோஸில் அப்பொதியை அவிழ்ப்போனிடம், “இப்பெயரில் ஒரு கோப்பு முன்னரே உள்ளது, மேலெழுதலாமா?” எனக் கருவி வினவும். அவன் ஆராயாது “யாவற்றுக்கும் ஆம்” என்று விடையிறுப்பின், இரண்டனுள் ஒன்று ஒழியும். அதே கருவத்தின் ‘ஆக்ஸ்’ என்னும் பெயருடைய மூலக்கோப்பும் விண்டோஸின் பல பதிப்புகளில் அவிழ மறுக்கும். அச்சொல் டாஸ் காலந்தொட்டு ஒரு கருவிக்கெனவே ஒதுக்கப்பட்டமையே காரணம்.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளுக்கோ இடர் மேலும் பெரிது. சிப் பொதி தொடக்கத்திலே ஐபிஎம் கணினிகளுக்குரிய 256 குறிகள் கொண்ட பட்டியலையே பெயர்களுக்குப் பயன்படுத்தியது. அதனுள் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. பெயர் ஒருங்குறியில் எழுதப்பட்டுள்ளது என்பதை உணர்த்தும் குறி 2006இல் வெளியான வரையறையிலேயே சேர்க்கப்பட்டது. பொதிந்த கருவி அக்குறியை இடாவிடினும், அவிழ்க்கும் கருவி அதனை நோக்காவிடினும், தமிழ்ப்பெயர் பொருளற்ற குறிகளின் குவியலாகிவிடும். டாரின் பழைய வடிவிலே பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 100 பைற்றுகள். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். ‘அம்மா’ என்னும் சிறு சொல்லுக்கே 15 பைற்றுகள் வேண்டும். எனவே, 33 தமிழ்க்குறிகளுக்கு மேல் அவ்விடம் கொள்ளாது. பின்வந்த டார் வடிவங்கள் நெடும்பெயர்களுக்கு இடந்தந்தன. ஆயின் அவற்றை அறியாத பழைய கருவிகள் பெயரைத் துண்டித்துவிடும்.

நேரக் குறியின் சிதைவு

மூலக் குறிமுறையிலிருந்து மென்பொருளைக் கட்டும் ‘மேக்’ என்னும் கருவியை 1976இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கினார். எக்கோப்பு எக்கோப்பிற்குப் பிந்தியது என்பதை நேரக் குறியால் அறிந்து, பழமையுற்றதை மட்டும் புதிதாக்குதல் அதன் நெறி. சிப் பொதியின் முதன்மை நேரக் குறியோ இரண்டு செக்கன் இடைவெளியையே பிரித்தறியும். எந்நாட்டு நேரம் என்பதையும் அது கூறாது. சில கருவிகள் பொதியிலுள்ள நேரத்தை விடுத்து, அவிழ்த்த நேரத்தையே எல்லாவற்றுக்கும் இடுகின்றன. இவ்வாறு முன்பின் முறை மாறின், ஆக்கியோர் முன்னரே உண்டாக்கித் தந்த கோப்பைப் பழமையுற்றதாகக் கருதி ‘மேக்’ மீண்டும் உண்டாக்க முனையும். அதற்குரிய கருவிகள் பயனரிடத்து இல்லாமையின் பணி இடையிலே நின்றுவிடும்.

பொதியினுள்ளேயே திறத்தல்

விண்டோஸின் கோப்புச் சாளரம் சிப் பொதியை ஒரு கோப்புறை போலவே காட்டுகின்றது. இவ்வொப்புமை வசதியாயினும் மயக்கத்திற்கு இடமாகின்றது. பொதியினுள்ளே தோன்றும் நிறுவல் நிரலை அங்கேயே இருமுறை அழுத்துவோன் மென்பொருள் முழுவதும் தன் கையில் உள்ளதாக எண்ணுகின்றான். உண்மையிலே அவ்வொரு கோப்பு மட்டும் தற்காலிக இடமொன்றிலே அவிழ்க்கப்பட்டு இயங்குகின்றது. அதற்குத் துணையாகிய ஏனைய கோப்புகள் பொதியிலேயே கிடத்தலின் நிறுவல் இடைமுறிகின்றது. இவ்வாறே திறந்து திருத்திய எழுத்துக் கோப்பும் தற்காலிக இடத்திலேயே தங்கி, பின்னர்த் தேடியும் கிடைக்காது போதல் உண்டு.

பாதுகாப்புப் பற்றிய இடர் இவற்றினும் கொடியது. பொதியிலுள்ள பெயர், “மேலுள்ள கோப்புறைக்குச் செல்க” என்னும் குறியைத் தன்னகத்தே கொண்டிருத்தல் கூடும். அவிழ்க்கும் நிரல் அதனை ஆராயாதொழியின், பயனர் தெரிந்த இடத்திற்கு வெளியே கோப்பு எழுதப்படும். இக்குறை பல நிரலகங்களிற் காணப்பட்டதை 2018இல் சினீக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. 2019 பெப்ரவரியில், பெருவழக்கிலுள்ள வின்ரார் கருவியிலும் இத்தகைய குறை பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தமை வெளியாயிற்று. கணினி தொடங்குந்தோறும் தானே இயங்கும் நிரல்களுக்குரிய கோப்புறையிலே தீய நிரலொன்றை இட்டுவைக்க அது வழிவிட்டது. அக்குறைக்கு இடமாகிய ஏஸ் என்னும் பொதிவகைக்கான ஆதரவையே வின்ராரை ஆக்கியோர் நீக்கினர். இணையத்திலிருந்து வந்த கோப்பு என விண்டோஸ் இடும் எச்சரிக்கைக் குறியும் அவிழ்ப்பின்போது இழக்கப்படுதல் உண்டு. 7-சிப் என்னும் கருவி அதனைக் காத்துத்தரும் வசதியை 2022இலேயே, அதுவும் பயனர் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றாக, அளித்தது.

காத்துக்கொள்ளும் நெறிகள்

முதலாவதாக, அவிழ்க்குமுன் பொதியின் சரிபார்ப்பு எண்ணை ஆக்கியோர் தந்த எண்ணோடு ஒப்பிடுதல் வேண்டும். மாக் கணினியின் சஃபாரி உலாவி, பெற்ற பொதியைத் தானே அவிழ்த்துவிடும் இயல்பினதாதலின், அவ்வமைப்பை முன்னரே நிறுத்தி வைத்தல் நன்று. அவிழ்ந்தபின் ஒப்பிடற்குரிய மூலப்பொதி கிடைப்பதரிது.

இரண்டாவதாக, மென்பொருள் எம்முறைமையில் இயங்கவேண்டுமோ அம்முறைமையிலேயே அவிழ்த்தல் வேண்டும். ஓரிடத்தில் அவிழ்த்து மற்றோரிடத்திற்குக் கோப்புகளைக் கொண்டுசெல்லாது, பொதியைப் பொதியாகவே கொண்டுசென்று ஆங்கு அவிழ்ப்பின், மேற்கூறிய இடர்களுட் பெரும்பாலன தோன்றா. நெறிகள் யாவற்றுள்ளும் தலையாயது இதுவே.

மூன்றாவதாக, அவிழ்க்குமுன் உள்ளிருப்பனவற்றின் பட்டியலை நோக்குதல் வேண்டும். பொதியிலுள்ள யாவும் ஒரு கோப்புறையுள் அடங்கியுள்ளனவா என்பதனை அது காட்டும். அடங்காவிடின், மேசைத்திரை முழுவதும் கோப்புகள் சிதறும். புதிய வெற்றுக் கோப்புறை ஒன்றிலே அவிழ்த்தல் இதற்குக் காப்பாகும். விண்டோஸில் கோப்புப் பாதையின் நீளத்திற்கு 260 என்னும் எல்லை நெடுங்காலமாக இருந்து வந்தமையின், அக்கோப்புறை பல கோப்புறைகளின் அடியிலே அமையாதிருத்தல் நலம்.

நான்காவதாக, இயலுமிடத்துக் கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்தல் வேண்டும். 2018 தொட்டு விண்டோஸ் 10இலும் டார் கட்டளை உடன் வருகின்றது. அக்கருவி தான் செய்யவியலாததைச் சொல்லால் அறிவிக்கும். எடுத்துக்காட்டாக, க்னூ டார் பாதையின் முன்னுள்ள மூலக் குறியை நீக்கும்பொழுது, நீக்கினேன் எனத் திரையிலே எழுதிக் காட்டும். ஆயின், கட்டளைவரியும் கோப்பு முறைமையின் குறையைத் தீர்த்துவிடாது. அனுமதிக் குறியை ஏற்காத நினைவகத்தில் எக்கருவியாலும் அதனை வைத்தல் இயலாது.

இவற்றால் வரைவியல் கருவிகள் பயனற்றன என்று கொள்ளுதல் பிழையாகும். நிழற்படங்களையும் கடிதங்களையும் பாடக்குறிப்புகளையும் அனுப்புவோர்க்கு அவை போதியன. அவற்றால் கணினியைக் கையாளக் கற்றோர் எண்ணிறந்தோர். உள்ளடக்கமே பொருளாகும் கோப்புகளுக்கு அவை ஏற்றவை. உள்ளடக்கத்தோடு ஒழுங்கும் உரிமையும் இணைப்பும் ஒருங்கு சேர்ந்தே பொருளாகும் மென்பொருட்கோ, அவ்வொழுங்கினையும் காக்கும் கருவியே வேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதுவோனுக்குச் சொல்லோடு ஏட்டெண்ணும் கண்ணிற்படுதல் வேண்டும் என்பது நூலோர் கண்ட நெறி. பொதியவிழ்ப்போனுக்கும் அந்நெறியே பொருந்தும். அவிழ்த்த மென்பொருள் இயங்க மறுக்கும்பொழுது, அதனை ஆக்கியோரையும் தன் அறிவையும் ஐயுறுமுன், தன் கையாலே அவிழ்த்த பொதியில் எது விடுபட்டது என ஒருமுறை நோக்கும் மாணவன், கணினியின் உள்ளியல்பை அறிதற்கும் அங்கேயே தொடங்கியவனாவான்.